காற்று வந்த பிறகுதான் டீசல்: ஜிஎஸ்டி ரோட்டுக்கு டர்போ வந்த கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு டீக்கடைக் கேள்வி. ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுப் பையன், அவங்க அப்பா 1990கள்ல வாங்கின கார்பரேட்டர் காரை இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்கான். "ப்ரோ, இதுக்கு ஒரு டர்போ மாட்டினா எவ்வளவு பவர் ஏறும்?"னு கேட்டான். எனக்கு அப்ப ஞாபகம் வந்தது எந்தக் காரும் இல்ல. பென்சில் பருமன்ல இருக்கிற ஒரு சின்னக் குழாய். என் சித்தப்பாவோட லாரி இன்ஜின்ல இருந்தது. அந்தக் குழாய் உடைஞ்சதுல ஒரு இன்ஜின் போச்சு. இன்ஜினோட சேர்ந்து லாரியும் போச்சு.

சித்தப்பா ஊர் அச்சரப்பாக்கம். ஜிஎஸ்டி ரோட்டுல மேல்மருவத்தூர் தாண்டினதும் வர்ற ஊர். பழைய பேர் அச்சிறுபாக்கம். சம்பந்தர் தேவாரம் பாடின ஆட்சீஸ்வரர் கோயில் அங்கதான் இருக்கு. ஊர்ப் பேருக்கு ஒரு புராணம் சொல்வாங்க. முப்புரத்தை எரிக்க சிவன் தேரேறிக் கிளம்பினார், புறப்படும்போது பிள்ளையாரைக் கும்பிட மறந்துட்டாங்க, தேரோட அச்சு இங்க வந்து இற்றுப் போச்சு. அச்சு இற்ற பாக்கம். கும்பிடாததுதான் காரணம்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு மட்டும் சின்ன வயசுலேயே ஒரு சந்தேகம்: அந்தத் தேர்ல ஏத்தின பாரத்துக்கு அந்த அச்சு போதுமானதா இருந்துச்சான்னு யாராவது பார்த்தாங்களா? இன்ஜினியரிங் படிச்சா இந்த மாதிரி புத்திதான் வரும், மன்னிச்சுக்கோங்க.

டர்போ கதையும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு பாகத்துக்கு பலம் கூட்டுறோம். பக்கத்துல இருக்கிற இன்னொரு பாகத்தைக் கேக்க மறந்துடறோம். டர்போ விஷயத்துல நாம கேக்க மறக்கிறது எரிபொருள் பம்பை.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. டாடாவோட பழைய 697 இன்ஜினை எடுத்துக்குவோம். 6 சிலிண்டர், ஒவ்வொண்ணும் 97 மில்லிமீட்டர் விட்டம். பேரே அதுலேர்ந்து வந்ததுதான். 5,675 சிசி. 1954ல பென்ஸ் கம்பெனியோட சேர்ந்து டெல்கோ லாரி பண்ண ஆரம்பிச்ச உறவுலேர்ந்து வந்த வடிவம். இந்த ரோட்டுல பல வருஷம் ஓடின இன்ஜின். அது நிமிஷத்துக்கு 2,400 சுற்று சுத்தும்போது, தானா மூச்சு இழுத்தா, நிமிஷத்துக்கு ஏழு கிலோ போல காற்று உள்ள போகும். டீசல் புகையாம எரியணும்னா ஒரு கிராம் டீசலுக்கு சுமார் 20 கிராம் காற்று வேணும். அப்படின்னா நிமிஷத்துக்கு 350 கிராம் டீசல். அதை 7,200 தடவையா பிரிச்சுத் தெளிக்கணும். ஒரு தடவைக்கு வர்றது சுமார் 58 கன மில்லிமீட்டர். மருந்து ஊத்துற டிராப்பர்ல விழற ஒரு சொட்டு இருக்கே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். மொத்த லாரியும், மேல இருக்கிற பத்து டன்னும், அந்த ஒரு சொட்டுல போகுது.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. டீசல் இன்ஜின்ல ஆக்சிலேட்டர் காற்றைத் தொடாது. காற்று எப்பவும் முழுசா உள்ள வரும். டிரைவர் காலால மாத்துறது அந்தச் சொட்டோட அளவை மட்டும்தான். அதனால டர்போ மாட்டி பம்பை அப்படியே விட்டுட்டா பவர் ஏறவே ஏறாது. இன்ஜின் கொஞ்சம் சுத்தமா எரியும், கொஞ்சம் சூடு குறையும், அவ்வளவுதான். பவர் தர்றது டீசல். அந்த டீசல் எரியறதுக்கு இடம் பண்ணிக் கொடுக்கிறதுதான் டர்போவோட வேலை.

இந்த யோசனை ரொம்ப பழசு. ஆல்ஃபிரட் பூச்சினு ஒரு சுவிஸ் இன்ஜினியர். வின்டர்தூர்ல சுல்சர் கம்பெனில வேலை பார்த்தவர். வெளிய வீணாப் போற புகையோட வேகத்துல ஒரு சக்கரத்தைச் சுத்தவிட்டு, அதே தண்டுல இன்னொரு சக்கரத்தை மாட்டி, அதை வச்சு இன்ஜினுக்குள்ள காற்றை அமுக்கலாம்னு 1905ல காப்புரிமை வாங்கினார். அது உருப்படியா வேலை செஞ்சு காட்டுறதுக்கு இருபது வருஷம் ஆச்சு. 1920களோட நடுவுல ரெண்டு ஜெர்மன் கப்பல்கள்ல மாட்டினாங்க. 1,750 குதிரைசக்தி இன்ஜின் 2,500 ஆச்சு. கப்பலுக்கு இது ஒத்துப்போனதுக்கு ஒரு காரணம் இருக்கு. கப்பல் ஒரே வேகத்துல மணிக்கணக்கா போகும். காற்று ஒரே அளவு வரும், டீசலையும் ஒரே அளவுல வச்சுடலாம். மதுராந்தகம் சிக்னல்ல நின்னு நின்னு கிளம்புற லாரிக்கு அந்த வசதி கிடையாது.

லாரிக்கு இன்னொண்ணும் தேவைப்பட்டது: அந்த ஒரு சொட்டை சரியா அளந்து குடுக்கிற பம்ப். ராபர்ட் பாஷ் கம்பெனி 1927ல அதை வரிசையா தயாரிக்க ஆரம்பிச்சது. பென்சில் பருமன்ல ஒரு உலோகத் தண்டு, அதுல சாய்வா ஒரு வெட்டு. தண்டைக் கொஞ்சம் திருப்பினா சொட்டு பெருசாகும், இந்தப் பக்கம் திருப்பினா சின்னதாகும். ஆறு தண்டையும் ஒண்ணாத் திருப்பறதுக்கு ஒரு பல்லு வச்ச கம்பி, அதுக்குப் பேர் ராக். இவ்வளவுதான் அந்தக் காலத்து கம்ப்யூட்டர். சுவிட்சர்லாந்துல சவுரர் கம்பெனி 1938ல டர்போ வச்ச லாரி இன்ஜினை விற்பனைக்குக் கொண்டு வந்துடுச்சு. நம்ம நாட்டுல பாஷ் பம்ப் தயாரிக்க மைகோ கம்பெனி பெங்களூர்ல 1951ல தொடங்கினாங்க. இன்னிக்கும் வயசான மெக்கானிக்குகளுக்கு டீசல் பம்ப்னாலே மைகோ பம்ப்தான்.

இப்ப அந்த முக்கியமான சிக்கலுக்கு வருவோம். பழைய இன்ஜினுக்கு டர்போ மாட்டியாச்சு. பம்ப்ல முழு லோடுக்கு எவ்வளவு டீசல்னு ஒரு எல்லை வைக்கணும். ராக் அதுக்கு மேல நகராம தடுக்க ஒரு ஸ்டாப்பர் இருக்கும். அதை எங்க வைக்கிறது?

பழைய அளவுலேயே வச்சா, டர்போ வாங்கின காசு வீண். டர்போ முழுசா சுத்தும்போது வர்ற காற்றுக்கு ஏத்த மாதிரி வச்சா, டர்போ முழுசா சுத்தாத நேரத்துல என்ன ஆகும்? டர்போவுக்கு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று தேவைப்படும். அந்த வேகத்துக்கு அது வர்றதுக்கு புகை வேணும், புகை வர்றதுக்கு இன்ஜின் சுத்தணும். டிரைவர் காலை அமுக்கினதும் டீசல் அந்த நொடியே வந்துடும். காற்று ஒரு நொடி, ரெண்டு நொடி கழிச்சுத்தான் வரும். அந்த இடைவெளியில சிலிண்டருக்குள்ள இருக்கிறது பழைய அளவு காற்று, புது அளவு டீசல். எரியாத மிச்சம் கரியா வெளிய வரும். ரயில்வேயோட பழைய டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் ஸ்டேஷன்லேர்ந்து கிளம்பும்போது ஒரு கருப்பு மேகத்தை விட்டுட்டுப் போறதைப் பார்த்திருப்பீங்க. அந்த மேகம்தான் இந்த இடைவெளி.

இதுக்குக் கண்டுபிடிச்ச தீர்வு எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு பொருள். பம்போட தலையில ஒரு சின்ன டப்பா. உள்ள ரப்பர் டயாஃப்ரம், அதுக்கு எதிரா ஒரு ஸ்பிரிங். இன்ஜினுக்குக் காற்று போற மேனிஃபோல்டுலேர்ந்து இந்த டப்பாவுக்கு ஒரு மெல்லிய குழாய். டர்போ காற்றை அமுக்கும்போது அந்த அழுத்தம் குழாய் வழியா வந்து டயாஃப்ரத்தைத் தள்ளும். டயாஃப்ரம் அந்த ஸ்டாப்பரைக் கொஞ்சம் விலக்கும். காற்று எவ்வளவு வந்துச்சோ, டீசல் அந்த அளவுக்குத்தான் ஏற முடியும். காற்று வரலைன்னா டிரைவர் எவ்வளவு மிதிச்சாலும் ராக் நகராது. ஜெர்மன்காரங்க இதை எல்டிஏனு சொல்வாங்க, இங்கிலீஷ் புத்தகத்துல பூஸ்ட் காம்பன்சேட்டர்னு இருக்கும், ஷெட்ல ஆனராய்டுனு சொல்வாங்க. கம்மின்ஸ் இன்ஜின் பம்ப் வேற மாதிரி வேலை செய்யும். அதுலயும் இதே வேலைக்குத் தனியா ஒரு பாகம் உண்டு, பேர் ஏஎஃப்சி.

கோட் எழுதுற ஆட்களுக்கு ஒரு வரியில சொல்றேன். டிரைவர் கேக்குற அளவு ஒண்ணு, இருக்கிற காற்று தாங்குற அளவு ஒண்ணு. ரெண்டுல எது குறைவோ அதைக் குடு. ரப்பரும் ஸ்பிரிங்கும் வச்சு எழுதின ஒரு ஃபங்ஷன்.

சரி, நம்ம ஊருக்கு இது எப்ப வந்துச்சு? 1948ல எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ்னு ஆரம்பிச்ச கம்பெனி 1955ல அசோக் லேலண்ட் ஆனது. அவங்க பஸ்ஸும் லாரியும் இந்த ரோட்டுல பல வருஷம் டர்போ இல்லாமத்தான் ஓடின. பெரிய இன்ஜின், மெதுவாச் சுத்தும், கனமா இழுக்கும். அதுக்கு டர்போ தேவைனு யாரும் நினைக்கல. 1980கள்லதான் கதை மாறுது. லேலண்ட் ஜப்பானோட ஹினோ இன்ஜின்கள் பக்கம் போச்சு. அதே சமயத்துல, 1982ல, டிவிஎஸ் குடும்பத்தோட பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் ஃபைனான்ஸும் ஜெர்மனியோட கேகேகே கம்பெனியும் சேர்ந்து டர்போ எனர்ஜினு ஒரு கம்பெனி தொடங்கினாங்க. சோளிங்கர் பக்கத்துல புலிவலத்துல ஒரு தொழிற்சாலை. அப்புறம் நம்ம பக்கமே, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே ஓஎம்ஆர் மேல பையனூர்ல ஒண்ணு. வீக்எண்ட்ல மகாபலிபுரம் போகும்போது ஐடி கம்பெனி கண்ணாடிக் கட்டடமெல்லாம் முடிஞ்சப்புறம் பையனூரைத் தாண்டித்தான் போவீங்க. அங்க டர்போசார்ஜர் தயாராகுதுனு எனக்கே ரொம்ப நாள் தெரியாது. பம்ப் பக்கமும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துல மண்ணூர்ல டெல்ஃபி-டிவிஎஸ் டீசல் பம்ப் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. காற்றைத் தள்ளுறதும் டீசலை அளக்குறதும் நம்ம பக்கத்துலேயே நடந்துச்சு.

ஆனா டர்போவை இந்தியாவுல எல்லா லாரிக்கும் கொண்டு வந்தது பவர் ஆசை இல்லைனுதான் நான் நினைக்கிறேன். கொண்டு வந்தது புகைச் சட்டம்.

1989ல வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 115வது விதி, ஓடுற டீசல் வண்டிக்குப் புகை எல்லை வச்சது. ஹார்ட்ரிட்ஜ் அளவுல 65. எப்படி அளப்பாங்கன்னா, வண்டியை நியூட்ரல்ல நிறுத்தி, ஆக்சிலேட்டரை ஒரேயடியா அடிவரைக்கும் மிதிச்சு, அப்ப வர்ற புகையை மெஷின்ல பார்ப்பாங்க. கவனிச்சீங்களா? நான் மேல சொன்ன அந்த ஒரு நொடி, ரெண்டு நொடி இடைவெளியைத்தான் இந்தச் சோதனை பிடிக்குது. 1992ல புது டீசல் வண்டிகளுக்கு மாசு வரம்பு வந்துச்சு, 1996ல இறுக்கினாங்க. 2000 ஏப்ரல்ல இந்தியா 2000னு ஐரோப்பாவோட முதல் கட்டத்துக்குச் சமமான விதி. 2001ல சென்னையோட சேர்த்து பெருநகரங்களுக்கு பிஎஸ் 2.

இப்ப கம்பெனிக்காரங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. புதுசா இன்ஜின் வடிவமைக்க வருஷக்கணக்கு ஆகும், கோடிக்கணக்கு செலவு ஆகும். கையில இருக்கிறது பழைய இன்ஜின். அதுக்குக் காற்று கூடுதலாக் கிடைச்சா டீசல் இன்னும் நல்லா எரியும், புகை குறையும், பவரும் குறையாது. டாடா 697க்கு டர்போ வச்சு 697 டிசி, இன்டர்கூலரும் வச்சு டிசிஐசினு வந்தது இப்படித்தான். அதே 97 மில்லிமீட்டர் சிலிண்டர், அதே 5,675 சிசி.

இன்டர்கூலரைப் பத்தி ஒரு கணக்கு சொல்லிடறேன், ஏன்னா இதை நிறையப் பேர் விட்டுடறாங்க. வெளிய 35 டிகிரி வெயில். டர்போ காற்றை 1.7 மடங்கு அமுக்குதுனு வச்சுக்குவோம். 70 சதவீதம் காற்று கூடுதலாக் கிடைக்கும்னு தோணும். கிடைக்காது. அமுக்கும்போது காற்று சூடாகும். டர்போவோட திறன் 70 சதவீதம்னா வெளிய வர்ற காற்று 107 டிகிரியில இருக்கும். சூடான காற்று விரிஞ்சுடும், அதனால நிஜமாக் கிடைக்கிறது 38 சதவீதம்தான். அதையே இன்டர்கூலர்ல 55 டிகிரிக்குக் குளிர வச்சா 60 சதவீதம். இந்தக் கணக்கு தெரியாம, டப்பாவுக்கு வர்ற அழுத்தத்தை மட்டும் நம்பி டீசலை ஏத்தினா என்ன ஆகும்? டயாஃப்ரத்துக்கு சூடு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது அழுத்தம் ஒண்ணுதான். கம்பெனி டெஸ்ட் பெஞ்ச்ல ஆனராய்டை செட் பண்ணும்போது இதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பாங்க. ரோட்டோர ஷெட்ல ஸ்பேனரால செட் பண்ணும்போது காதும் கண்ணும்தான் மீட்டர்.

கம்பெனி ஒரு பழைய இன்ஜினுக்கு டர்போ வைக்கும்போது பம்ப் மட்டும் மாறறதில்ல. பம்புக்குள்ள தண்டு பருமனாகும், அப்பத்தான் கூடுதல் டீசலை அதே குறுகின நேரத்துல தள்ள முடியும். பம்ப் பழசாவே இருந்தா தெளிக்கிற நேரம் நீண்டுபோய், பிஸ்டன் கீழ இறங்கினதுக்கு அப்புறமும் டீசல் வந்துக்கிட்டு இருக்கும். நாசில் மாறும், டைமிங் மாறும், பிஸ்டனுக்குக் கீழேர்ந்து ஆயில் பீய்ச்சி குளிர வைப்பாங்க. டர்போ பேரிங்குக்குத் தனி ஆயில் லைன் வரும். வெளியேர்ந்து பார்க்குறவனுக்குத் தெரியறது அந்த நத்தை மாதிரி சுருண்ட டர்போ மட்டும்தான்.

சித்தப்பா லாரிக்கு வர்றேன். எந்தக் கம்பெனி வண்டிங்கிறது இங்க முக்கியம் இல்ல. டர்போ இல்லாம வந்த பழைய வண்டி. அவர் வாங்கும்போதே முன்னாடி ஓனர் டர்போ இன்ஜின் பாகங்களை மாத்தி வச்சிருந்தார், பம்போட சேர்த்து. ஒழுங்கான வேலைதான். ஜல்லி லோடு. குவாரி பள்ளத்துலேர்ந்து மேல ஏறும்போது மத்த வண்டியெல்லாம் முக்கும், சித்தப்பா வண்டி ஏறிடும். எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். லீவுல போனா கேபின்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவார்.

ஒருநாள் வண்டி இழுக்கல. டர்போ சுத்துற சத்தம் கேக்குது, ஆனா வண்டிக்கு சக்தி இல்ல. ஷெட்டுக்குக் கொண்டு போனாங்க. நடந்தது என்னன்னு எனக்குக் காலேஜ் வந்த பிறகுதான் புரிஞ்சது. மேனிஃபோல்டுலேர்ந்து ஆனராய்டுக்குப் போற அந்தக் குழாய் அதிர்வுல விரிசல் விட்டிருக்கு. காற்று அழுத்தம் டப்பாவுக்குப் போகல. டப்பா அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு: காற்று வரலைனு நினைச்சு டீசலைப் பிடிச்சு வச்சிருக்கு. அந்தக் குழாயை மாத்தியிருந்தா அன்னிக்கே வேலை முடிஞ்சிருக்கும்.

ஷெட்காரர் குழாயைப் பார்க்கல. "பம்ப்ல டீசல் கம்மியா வருது அண்ணே, கொஞ்சம் ஏத்தி விட்டுடறேன்"னார். சீல் கம்பியை வெட்டி, ஃபுல் லோடு ஸ்குரூவைத் திருப்பினார். வண்டி அம்பு மாதிரி கிளம்பிச்சு. சித்தப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்னிலேர்ந்து டர்போ சுத்தினாலும் சுத்தாட்டியும் முழு டீசல். பின்னாடி டூவீலர்ல வர்றவங்க கையை மூக்குல வச்சுக்குவாங்க. ஊருக்குள்ள நுழையும்போது சைலன்சர்லேர்ந்து வர்ற புகையில டீக்கடை கண்ணாடி பாட்டிலெல்லாம் கருப்பாயிடும்னு சித்தி திட்டுவாங்க. "புகை வந்தாத்தான்டி வண்டி இழுக்குதுனு அர்த்தம்"னு சித்தப்பா சொல்வார். அவர் மட்டும் இல்ல, அந்த ரோட்டுல பாதிப் பேர் அப்படித்தான் நம்பினாங்க. கரும்புகைங்கிறது வாங்கின டீசல்ல ஒரு பங்கு எரியாமப் போறதுங்கிறதை யாரும் காசாப் பார்க்கல. இன்னொண்ணு, கூடுதல் டீசல் எரியும்போது புகையோட சூடும் ஏறும். அந்தச் சூடு போற வழியிலதான் பிஸ்டனோட தலையும் டர்போவும் இருக்கு. பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியமே 660 டிகிரியில உருகிடும்.

ஏழெட்டு மாசம் தாங்குச்சு. ஒரு மே மாசம், மத்தியானம், முழு லோடோட படாளம் பக்கத்துல நின்னுபோச்சு. நாலாவது பிஸ்டன்ல விரல் நுழையற அளவுக்கு ஓட்டை. உருகின அலுமினியம் போய் டர்போ சக்கரத்தையும் தின்னிருந்துச்சு. வண்டி மேல ஃபைனான்ஸ் பாக்கி இருந்துச்சு. இன்ஜின் கட்ட சித்தப்பாகிட்ட காசு இல்ல. வண்டியை அப்படியே வித்துட்டு வேற ஒருத்தர்கிட்ட டிரைவரா சேர்ந்தார். சித்தி கழுத்துலேர்ந்து போனது திரும்பி வர்றதுக்கு ஆறு வருஷம் ஆச்சு.

இப்ப என் நண்பனோட பெட்ரோல் கார். இங்க கதை தலைகீழ். டீசல்ல காற்றில்லாத எரிபொருள்தான் ஆபத்து. பெட்ரோல்ல எரிபொருள் இல்லாத காற்றுதான் ஆபத்து. பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று சரியான கணக்கு. டர்போ அமுக்கும்போது 12 பங்கு கிட்ட வச்சு, பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமா விட்டு சூட்டைக் குறைப்பாங்க. காற்று மட்டும் ஏறி பெட்ரோல் ஏறலைன்னா, தீப்பொறி வர்றதுக்கு முன்னாடியோ பின்னாடியோ கலவை தானா வெடிக்கும். டக் டக்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோட ரொம்ப நேரம் ஓட்ட முடியாது.

பழைய கார்பரேட்டர் கார்ல மெக்கானிக்கல் பம்ப் தர்ற அழுத்தமே 0.2, 0.3 பார்தான். டர்போ 0.5 பார் அழுத்தத்துல கார்பரேட்டருக்குள்ள காற்றைத் தள்ளினா, பெட்ரோல் உள்ள வர முடியாது, எதிர்ல காற்று நிக்குது. அதனால பம்ப் மாத்தணும். ரெகுலேட்டருக்கும் கார்பரேட்டர் கிண்ணத்துக்கும் அதே டர்போ அழுத்தத்தைக் குழாய் வழியாக் குடுக்கணும். பாருங்க, இங்கயும் ஒரு மெல்லிய குழாய் வந்துடுச்சு.

அமெரிக்காவுல 1962ல ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்னு ஒரு கார் வந்தது. டர்போ வச்சு மக்களுக்கு வித்த முதல் கார்கள்ல ஒண்ணு. 3.5 லிட்டர் வி8, 215 குதிரைசக்தி. தானா வெடிக்கிற பிரச்சினையைத் தடுக்க, தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்க்லேர்ந்து தெளிச்சாங்க. டேங்க் காலியானா டர்போ அழுத்தத்தைக் குறைக்கிற வால்வும் வச்சிருந்தாங்க. ஜனங்க அந்த டேங்க்ல ஊத்த மறந்துட்டாங்க. ஊத்தாதவங்க "கார் இழுக்கல"னு வந்து நின்னாங்க. கடைசியில 1965ல கம்பெனியே டர்போவைக் கழட்டிட்டு சாதாரண கார்பரேட்டர் மாட்டித் தர்றோம்னு சொல்லிடுச்சு. காப்பாத்துறதுக்காக வச்ச பாகத்தைக் கோளாறுனு நினைக்கிறது அச்சரப்பாக்கத்துல மட்டும் நடக்கல.

கார்பரேட்டருக்கு அடுத்த தலைமுறை, ஆரம்பகால ஈசியூ வச்ச கார்கள். அதுக்கு டர்போ மாட்டினா நம்ம ஆட்களுக்குப் பழக்கமான ஒரு பக் வரும். மேனிஃபோல்டு அழுத்த சென்சார் 1 பார் வரைக்கும்தான் படிக்கும், ஏன்னா டர்போ இல்லாத இன்ஜின்ல அதுக்கு மேல போகவே போகாது. டேபிளும் அங்கேயே முடிஞ்சுடும். டர்போ 1.5 பார் குடுக்கும்போது ஈசியூ கடைசி வரிசையிலேயே நின்னுக்கிட்டு "1 பார்தானே"னு பெட்ரோல் விடும். இதுக்கு ஒரு குறுக்கு வழி, பெட்ரோல் அழுத்தத்தை ஏத்தறது. ஆனா இன்ஜெக்டர்ல அழுத்தத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா பெட்ரோல் ரெண்டு மடங்கு வராது, 41 சதவீதம்தான் கூடும். வர்க்கமூலம். சரியான வழி, பெரிய இன்ஜெக்டர், பெரிய சென்சார், புது டேபிள். அதுக்கப்புறம் சட்டம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணிடுச்சு. என் நண்பன்கிட்ட இவ்வளவையும் சொன்னேன். "அப்ப ரேஸ் டிராக்ல மட்டும் ஓட்டினா?"னு கேட்டான். திருந்துற ஆள் இல்ல.

2020 ஏப்ரல்லேர்ந்து நாடு முழுக்க பிஎஸ் 6. டீசல் பம்ப்ல ராக் இல்ல, ஸ்டாப்பர் இல்ல, டப்பா இல்ல. காமன் ரெயில். உள்ள வர்ற காற்றோட அழுத்தம், சூடு எல்லாத்தையும் சென்சார் சொல்லும், ஈசியூ அதுக்கேத்த டீசல் எல்லையை ஒரு டேபிள்லேர்ந்து எடுத்துக்கும். அந்த டேபிளுக்கு ஸ்மோக் லிமிட் மேப்னு பேர். ரப்பர் டயாஃப்ரம் செஞ்ச வேலை அதேதான், இப்ப சூடும் அதுக்குத் தெரியும்.

சித்தப்பா இப்ப ஒரு ஸ்கூலுக்கு வேன் ஓட்டுறார். பொங்கலுக்குப் போயிருந்தப்ப பானெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அந்தக் குழாய் இதுல எங்கடா இருக்கு?"

மேனிஃபோல்டு மேல இருந்த சென்சாரைக் காட்டினேன். "குழாய் இல்ல சித்தப்பா, ஒயர்தான்."

"ஒயர் அறுந்தா?"

"மஞ்சள் லைட் எரியும். வண்டி இழுக்காது."

"ஸ்குரூ எங்க இருக்கு?"

"ஸ்குரூவே கிடையாது சித்தப்பா."

கொஞ்ச நேரம் பார்த்துட்டு பானெட்டை மூடினார். அடுத்த எபிசோட்ல, இதே ரோட்டுல ஓடின லேலண்ட் பஸ்களோட கியர்பாக்ஸ் பத்திப் பேசலாம்.